அண்ணையின் பிழை

நோத்ர-டாம்-த-கிரேஸ்
கியூபெக், 2025 பெப்ரவரி 11, செவ்வாய்

சிவாஜினிக்கு,

இன்று எனக்கு எண்பது வயதும் பதினொரு மாதமும் எட்டு நாளும் ஆகின்றன. இதைக் குறிப்பிடக் காரணம், "எண்பத்தைந்தை நெருங்கும் என் மச்சாள்" என்று ஆய்வுநிலையத்துக்கு நீர் என்னை அறிமுகப்படுத்தியிருப்பதுதான். எண்களைத் திரட்டிக் கொடுப்பதற்காக வேலைக்கு வைக்கப்பட்டவர் ஒரு வயதையாவது சரியாகச் சொல்லப் பழக வேண்டும்.

உமது பொதி கிடைத்தது. எச்.ஐ.வி.யைத் தடுக்கவும் ஒருநாள் முற்றாகக் குணமாக்கவும் முயலும் ஆய்வு அது என்பதும், அதைத் தமிழரிடம் கொண்டுபோக வாரத்தில் இரண்டு நாள் உமக்கு வேலை தந்திருக்கிறார்கள் என்பதும், தமிழர் கலந்தாலோசிக்கப்பட்டார்கள் என்று காட்டினால்தான் நிதிச் சபை அடுத்த மூன்று ஆண்டுக்கும் உதவும் என்பதும் விளங்கின. பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு கோயில் மண்டபத்தில் நீர் நடத்திய கூட்டத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள் என்றும், பேராதனையில் படித்தவள், இருபத்திரண்டு ஆண்டு ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள் என்ற முறையில் அறிக்கையை நான் ஆங்கிலத்தில் எழுதித் தரவேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்.

வரவுப் பட்டியலை உருப்பெருக்கி வைத்து வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நட்சத்திரம் எழுதப்பட்டிருக்கிறது. நாற்பத்தோராம் இலக்கத்தில் தொடங்கும் குடும்பத்தில் தகப்பன், தாய், மதுஷன், ஆர்த்திகா, அதன் கீழே நவம்பரில் பிறந்ததாக நீரே எனக்கு எழுதிய கைக்குழந்தை. தடுப்பு மாத்திரை பற்றி அக்குழந்தை வெளியிட்ட கருத்தை அறிய ஆவலாயிருக்கிறேன். அதற்கும் கீழே அவர்களுடைய அம்மம்மா. அந்த அம்மாள் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலை விட்டு ஒருநாளும் வெளியேறியதில்லை.

நூற்று எண்பத்தெட்டாவது பெயர் அருளம்பலம், உத்தரட்டாதி. கையெழுத்து உம்முடையது. என் கணவர் இறந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இறந்தவருக்கு அர்ச்சனை செய்வதில்லை என்பதும் உமக்குத் தெரியும்.

இந்தப் பட்டியலை வைத்து நான் எதையும் எழுதமாட்டேன்.

தொலைபேசியில் அழைக்க வேண்டாம். 1994க்குப் பின் நாம் மூன்று தடவை தொலைபேசியில் பேசியிருக்கிறோம். மூன்று தடவையும் நீர் அழுதீர், நான் வைத்துவிட்டேன். கடிதத்தில் இருவரும் கொஞ்சம் மேலானவர்கள்.

ஞானாம்பிகை

---

ரொக்ஸ்பரோ
19.02.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்தபின் அரை மணித்தியாலம் கோபமாக இருந்தேன். பிறகு அந்தக் கைக்குழந்தையை நினைத்துச் சிரித்துவிட்டேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மண்டப வாசலில் மேசை போடக் கேட்டேன். கோயில் தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. "தங்கச்சி, வாசலிலை போடாதேங்கோ, சனம் பயந்திடும். அர்ச்சனைச் சீட்டுக் குடுக்கிற மேசைக்குப் பக்கத்திலை போடுங்கோ. ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது" என்றார். அவர் சொன்னபடியே ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முதலாவதாக வந்த மனிசி தாளைக் கண்டதும் தன் வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் எழுதினா. பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். நான் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு நின்றேன், கவனிக்கவில்லை. கடைசியில் ஒரு ஐயா வந்து, "பிள்ளை, பேர் குடுத்து ஒரு மணித்தியாலமாச்சு, ஐயர் எப்ப வாசிப்பார்?" என்று கேட்டபோதுதான் தாளை எடுத்துப் பார்த்தேன்.

பட்டியலை எண்ணியது கத்தரின். ஆய்வுநிலையத்தில் படிக்கும் கியூபெக் பிள்ளை, நல்ல பிள்ளை. நட்சத்திரங்களை ஊர்ப் பெயர்கள் என்று நினைத்திருக்கிறாள். "ரோகிணி என்ற கிராமத்திலிருந்தா இவ்வளவு பேர் வந்திருக்கிறார்கள்?" என்று கேட்டாள். நான் திருத்தவில்லை, மச்சாள். அதுதான் என் பிழை. இருநூற்றுப் பன்னிரண்டு என்று அவள் சொன்னபோது கேட்க நன்றாயிருந்தது.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். துண்டுப்பிரசுரத்தில் "சுகாதார நாள்" என்றுதான் போட்டேன். சீனி, பிரஷர் என்றால் வருவார்கள். ஆராய்ச்சியாளர் அனுசூயா சென்னைக்காரி, நல்லாகப் பேசுவா. அவ எழும்பி "எயிட்ஸ்" என்று சொன்ன உடனே, வெளியே பனி கூடுது, காரை எடுக்கவேணும் என்று மண்டபம் காலியாகிவிட்டது. அவ கோபிக்கவில்லை. "பரவாயில்லை சிவாஜினி, உக்காந்திருக்கிறவங்களுக்குச் சொல்லுவோம்" என்றா. பதினேழு பேர் இருந்தார்கள்.

ஆனால் முடிந்து போகும்போது, சப்பாத்து வைக்கும் இடத்தில் ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். "அக்கா, அவருக்கு இருக்கு. எனக்கு வராமல் இருக்கக் குளிசை இருக்கெண்டது உண்மையோ?" என்றாள். ஓம் என்றேன். அடுத்த செவ்வாய் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குப் பிரெஞ்சும் வராது, ஆங்கிலமும் வராது. ஜூனில் நிதி நின்றால் அங்கே தமிழ் கதைக்க ஆள் இல்லை.

அண்ணையின் பெயரை ஏன் எழுதினேன் என்று தெரியாது. கையில் பேனை இருந்தது. கை எழுதிவிட்டது.

உதவி செய்யுங்கள்.

சிவாஜினி

---

நோத்ர-டாம்-த-கிரேஸ்
2025 மார்ச் 4, செவ்வாய்

சிவாஜினிக்கு,

நேற்று எண்பத்தொன்று முடிந்தது. வாழ்த்து அட்டைக்கு நன்றி. அதிலுள்ள பூனைக்கும் எனக்கும் எந்த ஒற்றுமையும் இல்லை.

பதினேழு என்றே எழுதும். அறிக்கையை ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி இணைத்திருக்கிறேன். அதில் மேசை எங்கே போடப்பட்டது, ஏன் நட்சத்திரங்கள் வந்தன, துண்டுப்பிரசுரம் எதை மறைத்தது, எத்தனை பேர் எழுந்துபோனார்கள் என்பதெல்லாம் இருக்கின்றன. சப்பாத்துகளுக்கிடையே நின்று கேள்வி கேட்ட பெண்ணைப் பற்றி, அவளை யாரும் அடையாளம் காணாதபடி, இரண்டு வரி எழுதியிருக்கிறேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேரைவிட அவ்விரண்டு வரிகளுக்கு நிறை அதிகம். நிதிச் சபையில் ஒருவராவது வாசிக்கத் தெரிந்தவராக இருந்தால் அதை உணர்வார். தெற்கே அமெரிக்காவில் ஆராய்ச்சிப் பணத்தை வெட்டத் தொடங்கியிருக்கிறார்கள். இங்கே கையேந்துவோரின் வரிசை நீளப்போகிறது. அந்த வரிசையில் பொய்யான எண்ணோடு நிற்பது புத்திசாலித்தனமுமல்ல.

துண்டுப்பிரசுரத்தின் கடைசிப் பக்கத்தில் "விரைவில் முழுக்குணம்" என்று அச்சிட்டிருக்கிறீர். நீக்கும். மருந்து உட்கொள்பவரின் இரத்தத்தில் கிருமி எந்தச் சோதனைக்கும் தட்டுப்படாத அளவுக்கு அடங்கிவிடுகிறது. அவரிடமிருந்து உடலுறவின் வழியே வேறொருவருக்குத் தொற்றுவதில்லை. இது உண்மை, இதைப் பெரிய எழுத்தில் போடும். ஆனால் அது நிணநீர்க் கணுக்களிலும் குடற்சுவரிலும் உறங்கிக் கிடக்கிறது. மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் எழுந்துவிடுகிறது. உறங்குவதை எழுப்பிக் கொல்வதா, எழவே முடியாமல் பூட்டுவதா என்று முப்பது ஆண்டாகத் தேடுகிறார்கள். தேடுவது மதிப்புக்குரிய வேலை. விரைவில் என்பது அதற்குரிய சொல்லல்ல.

அனுசூயாவிடம் ஒன்று கேளும். ஆய்வுக்காக ஒருவர் மருந்தை நிறுத்திப் பார்க்கும் அந்த வாரங்களில், அவருடைய துணைக்கு என்ன பாதுகாப்பு? உமது பொதியிலிருந்த ஒப்புதல் படிவத்தின் தமிழ்ப் பிரதியில் அந்தப் பகுதியே இல்லை. அந்தத் துணையும் ஒரு மனிதர்.

ஞானாம்பிகை

---

ரொக்ஸ்பரோ
30.03.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் அறிக்கையை அப்படியே கொடுத்தேன். அனுசூயா இரண்டு தடவை வாசித்தா. "உங்க மச்சாள் பயங்கரமான ஆளா இருப்பாங்க போல" என்றா. பாராட்டாகத்தான் சொன்னா. துணையைப் பற்றிய பகுதி உண்மையாகவே விடுபட்டிருக்கிறது. மொழிபெயர்த்த நிறுவனத்துக்கு உடனே எழுதினா. தமிழ்ப் பிரதியை மூன்றாம் பக்கத்துக்கு அப்பால் ஒருவரும் அதுவரை வாசிக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

நிதிச் சபை பதினேழைப் பார்த்து எங்களைத் தள்ளிவிடவில்லை. உண்மையை எழுதியதற்கு நன்றி, ஜூன் முதலாம் திகதிக்குள் இன்னொரு கூட்டம் நடத்துங்கள், தலைப்பை மறைக்காமல் நடத்துங்கள் என்று பதில் வந்தது. இன்னுமொரு நிபந்தனையும் வைத்திருக்கிறார்கள். இந்த நோயோடு வாழ்ந்த, அல்லது வீட்டில் அதைப் பார்த்த ஒரு தமிழர் தன் வாயால் பேசவேண்டும். வெளியிலிருந்து வந்து விளக்கம் சொல்கிறவர்கள் போதாதாம்.

ஆள் தேடி அலைந்துவிட்டேன். ஒரு அம்மா சம்மதித்துவிட்டு, மகளுக்குக் கலியாணம் பேசுகிறோம் என்று பின்வாங்கினா. தனோஜன் என்று ஒரு தம்பி, துறைமுகத்துக் களஞ்சியத்தில் வேலை செய்கிறான். அவனுக்கு இருக்கிறது. "அக்கா, நான் கதைச்சால் அடுத்த நாள் சாப்பாட்டு அறையிலை ஒருத்தனும் எனக்குப் பக்கத்திலை இருக்கமாட்டான். நீங்கள் வந்து இருப்பியளோ?" என்றான்.

அதனால் நான் முடிவெடுத்துவிட்டேன். மே 25, ஞாயிறு, மண்டபத்தில் நான் அண்ணையைப் பற்றிப் பேசப்போகிறேன். பெயர் சொல்லித்தான். ரொறன்ரோவுக்கு லொறி ஓடினார், வாரக்கணக்காக வீட்டை விட்டுப் பிரிந்திருந்தார், எங்கேயோ ஒரு பிழை விட்டார், அதைக் கொண்டு வந்தார், செத்தார். மரண அறிவித்தலில் நியூமோனியா என்று போட்டோம். ஊருக்குப் பாதி தெரியும், மீதியைக் கதையாகக் கட்டிக்கொண்டது. நான் அவரை மன்னித்துவிட்டேன் என்றும் சொல்வேன். இப்படி ஒரு பிழை யாருக்கும் வரலாம், அதற்கு இன்றைக்குக் குளிசை இருக்கிறது, ஊசி இருக்கிறது என்று முடிப்பேன். ஒரு தங்கச்சி சொன்னால் சனம் எழும்பிப் போகாது.

நீங்கள் மனைவி. உங்கள் சம்மதம் வேணும்.

சிவாஜினி

---

நோத்ர-டாம்-த-கிரேஸ்
2025 ஏப்ரல் 7, திங்கள்

சிவாஜினிக்கு,

சம்மதமில்லை.

இறந்தவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட முடியாது. உயிரோடிருப்பவரின் பெயரைப் பாதுகாக்கப் பதினான்கு பக்கம் எழுதும் ஆய்வு, இறந்தவரின் பெயரை மண்டபத்தில் ஒலிபெருக்கியில் சொல்லலாகாது. வேறு ஆளைத் தேடும்.

இதற்குமேல் எழுத இன்று நேரமில்லை.

ஞானாம்பிகை

---

ரொக்ஸ்பரோ
15.04.2025

மச்சாளுக்கு,

உங்களுக்கு நேரமில்லையா? எண்பத்தொரு வயதில், தனியே, இரண்டு அறை வீட்டில், என்ன வேலை?

படிவம் கிடிவம் என்று எனக்குச் சட்டம் சொல்ல வேண்டாம். உங்களுக்கு வெட்கம், அவ்வளவுதான். உண்மையை எழுது, பதினேழு என்று எழுது என்று எனக்குப் புத்தி சொன்னீர்கள். நான் கேட்டேன். உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தவுடன் உண்மைக்கு அனுமதி இல்லையா?

செத்தவீட்டில் நான் சொன்னதை நீங்கள் மறக்கவில்லை என்று தெரியும். "அண்ணையை வீட்டிலை வைச்சிருக்கத் தெரியாத மனிசி" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். அது பிழை. முப்பது வருடமாக அதற்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, இப்போது எழுத்தில் கேட்கிறேன். ஆனால் நானும் அங்கே இருந்தேன், மச்சாள். அவருடைய வாய்ப்புண்ணைத் துடைத்தது நான். தாதிமார் இரண்டு கையுறை போட்டுக்கொண்டு வந்த காலத்தில் வெறுங்கையால் அவருடைய காலைப் பிடித்துவிட்டது நான். அந்த ஆறு மாதத்துக்காகத்தான் பிறகு நோயாளரைப் பராமரிக்கப் படித்தேன், அதற்காகத்தான் ஓய்வெடுத்த பிறகும் இந்த வேலைக்கு வந்தேன். எனக்கு அவர் கதையைச் சொல்ல உரிமை இல்லையா?

உங்களுக்குச் சோதனை செய்து ஒன்றுமில்லை என்று வந்ததாகச் சொன்னீர்கள். அன்றைக்கு நான் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். அண்ணை பிழை விட்டாலும் மச்சாளைக் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தேன். அதையும் மண்டபத்தில் சொல்வேன். அவருக்கு அதாவது மிஞ்சட்டும்.

நீங்கள் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் மே 25 நான் பேசுவேன். துண்டுப்பிரசுரம் அச்சுக்குப் போய்விட்டது. "எச்.ஐ.வி.: எங்கள் வீட்டுக் கதை" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. தலைவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். பிறகு, "சரி, மேசையை வாசலிலையே போடுங்கோ" என்றார்.

சிவாஜினி

---

நோத்ர-டாம்-த-கிரேஸ்
2025 மே 2, வெள்ளி

சிவாஜினிக்கு,

இக்கடிதத்தை மூன்று தடவை தொடங்கிக் கிழித்தேன். நான்காவது நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லமாட்டேன், தாள் முடிந்துவிட்டது.

செத்தவீட்டில் நீர் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறீர். அதை நான் ஏற்கும் இடத்தில் இல்லை. ஏன் என்பதற்கே இக்கடிதம்.

மே 25 கூட்டத்துக்கு நான் வருகிறேன். கூட்டிப்போக யாரும் வரவேண்டாம், பேருந்தில் வந்துவிடுவேன். என்னைத் தமிழில் அறிமுகம் செய்துவிட்டு நீர் அமர்ந்துகொள்ளலாம். பேசப்போவது நான். சாப்பாட்டுக்கு முன்பே பேசுவேன், பசியோடிருக்கும் சனம் இலகுவில் எழுந்துபோகாது. தனோஜன் என்ற அந்தத் தம்பியை விரும்பினால் வரச்சொல்லும். சாப்பாட்டு நேரத்தில் நான் அவனுக்குப் பக்கத்தில் இருப்பேன். வரவில்லையென்றால் ஒருநாள் மதியம் துறைமுகத்துக்கும் போகமுடியும். அங்கே போகும் பேருந்து எது என்பதை உமது கடிதம் வந்த அன்றே விசாரித்துவைத்தேன்.

நீர் வேலை செய்யும் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு நான் ஆண்டுக்கு நான்கு தடவை போய்வருகிறேன். வெள்ளிக்கிழமைகளில் போவேன், நீர் வரும் இரண்டு நாளில் வெள்ளி இல்லை என்பதால். உமக்கு இந்த வேலை கிடைத்ததும் முதலில் நான் செய்த காரியம், என் வருகை நாளை மாற்றியதுதான். 1993இல் சோதனையில் எனக்கு ஒன்றுமில்லை என்று வந்ததாக உம்மிடம் சொன்னேன். அது பொய். 1996இலிருந்து மருந்து உட்கொள்கிறேன். தொடக்கத்தில் ஒருநாளைக்குப் பதினாறு குளிசைகள், வயிற்றைப் புரட்டும். இப்போது ஒன்று, காலையில், தேநீரோடு. கிருமி இரத்தத்தில் தட்டுப்படாமல் இருபத்தேழு ஆண்டாகிறது. உடைத்த தேங்காய்க்காக வருந்த வேண்டாம். தேங்காயில் பிழையில்லை.

இதுவரை வாசித்தபின், அண்ணைதான் மச்சாளுக்கும் கொடுத்துவிட்டார் என்று எண்ணுவீர். நீர் அப்படி எண்ணுவீர் என்று தெரிந்தே இங்கே நிறுத்திவிடலாமா என்று ஒருநாள் முழுவதும் யோசித்தேன். நிறுத்தியிருந்தால் எனக்கு இரக்கம் கிடைத்திருக்கும். மண்டபத்தில் முன்வரிசைப் பெண்கள் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். பிழை விட்ட புருஷனும் பொறுத்த பெண்சாதியும் அவர்களுக்குப் பழகிய கதை.

1994 ஏப்ரல், ஒரு ஞாயிறு. வைத்தியசாலைக் கட்டிலின் ஒரு பக்கம் நீர், மறுபக்கம் நான். நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். நீர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, எங்கை போய் இதைப் பிடிச்சனீங்கள்? என்னட்டையாவது சொல்லுங்கோ" என்று கேட்டீர். அவர் உம்மைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் பேசுவதற்கு அவர் எனக்கு நேரம் தந்தார் என்பதை அப்போதே விளங்கிக்கொண்டேன். நான் தோல் உரித்துக்கொண்டேயிருந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு அவர் உம்மிடம் சொன்னார்: "இவவுக்குத் தோடம்பழம் உரிக்கத் தெரியாது பிள்ளை. எல்லாத்தையும் பிய்ச்சுப்போடுவா. நீ வாங்கி உரி." நீர் என் கையிலிருந்து பழத்தை வாங்கினீர். கேள்வி அத்தோடு போய்விட்டது. அவர் இருபத்திரண்டு நாளில் இறந்தார். அவர் தந்த நேரத்தை நான் முப்பத்தொரு ஆண்டு பயன்படுத்திக்கொண்டேன்.

அவரைப் பெரிய தியாகி என்று மண்டபத்தில் சொல்லிவிடாதேயும். லொறியில் தூங்கியவர், நான் கட்டிக் கொடுத்த சோற்றுப் பெட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொண்டுவந்தவர், கோபம் வந்தால் இரண்டு நாள் பேசாதவர். ஊர் அவரைப் பற்றி என்ன கதைத்தது என்று எனக்குத் தெரியும். கோயில் படியில் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திய பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் என்மீது பரிதாபப்பட்டார்கள். நான் அந்தப் பரிதாபத்தைத் திருத்தவில்லை. திருத்தினால் என்னுடைய ஆய்வுகூட வேலை போய்விடும் என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 2006இல் ஓய்வு பெற்றேன். அதன்பின் சொல்லிக்கொள்ளவும் ஒன்றும் இருக்கவில்லை.

நீர் அவரை மன்னித்ததாக எழுதியிருந்தீர். அந்த ஒரு சொல்தான் என்னால் சகிக்க முடியாமற் போனது.

1984இல் நீர் யாழ்ப்பாணத்தில் இருந்தீர். இங்கே எங்களுக்கு என்ன நடந்தது என்று உமக்குத் தெரியாது, நாங்களும் எழுதவில்லை. அந்த ஒக்டோபரில் எனக்குக் கருப்பையை அகற்றும் சத்திரசிகிச்சை நடந்தது. இரத்தம் நிற்கவில்லை, மூன்று பை ஏற்றினார்கள். இரத்தத்தை இந்தக் கிருமிக்காகச் சோதிக்கும் முறை அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது. 1993இல் எங்கள் இருவருக்கும் முடிவு வந்தபின், வைத்தியர்கள் ஏடுகளைப் புரட்டி, இரண்டாவது பையைக் கொடுத்தவரைக் கண்டுபிடித்தார்கள். அவர் 1987இலேயே இறந்திருந்தார். அதை வைத்தியர் எங்களிடம் சொன்னபோது அருளம்பலம் என்னருகில், கையில் தொப்பியோடு, உட்கார்ந்திருந்தார்.

உம்முடைய அண்ணை எங்கேயும் போய் எதையும் பிடிக்கவில்லை, சிவாஜினி. அவருக்கு அதைக் கொடுத்தது நான்.

ஞானாம்பிகை